இல்லாத மேதையும் நம்பிய நாடும்: ‘ஃபர்காட்டன் சில்வர்’ உருவான விதம்

1995 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு, நியூசிலாந்தின் அரசுத் தொலைக்காட்சி ‘ஃபர்காட்டன் சில்வர்’ என்ற படத்தை ஒளிபரப்பியது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடிய அந்தப் படம், காலின் மெக்கென்சி என்ற மறக்கப்பட்ட திரைப்பட முன்னோடியை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. 1888-இல் தெற்குத் தீவின் ஜெரால்டைன் என்ற சிற்றூரில் பிறந்தவர், சிறுவனாக இருந்தபோதே மிதிவண்டியின் விசையில் ஓடும் கேமராவைத் தன் கையால் செய்தவர், ஹாலிவுட்டுக்குப் பல ஆண்டுகள் முன்னரே பேசும்படமும் வண்ணப்படமும் எடுத்துப் பார்த்தவர், கடைசியில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் படம்பிடிக்கும்போதே உயிரிழந்தவர் என்று அவர் வாழ்க்கை விரிந்தது. பார்த்தவர்களில் மிகப் பலர் அதை வரலாறு என்றே ஏற்றுக்கொண்டார்கள். காலின் மெக்கென்சி என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்பது அடுத்த நாள் தெரியவந்தது. அதன்பின் எழுந்த கோபமும் பாராட்டும் வாரக்கணக்கில் பத்திரிகைகளின் வாசகர் கடிதப் பக்கங்களை நிரப்பின.

போலி ஆவணப்படங்களைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் படம் ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாக நினைவுகூரப்படுகிறது. நம்பியவர்கள் வெகுளிகள் என்ற தொனியும் அதில் கலந்துவிடுகிறது. இந்தத் தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றிரவு நம்பியவர்கள் நல்ல காரணங்களோடுதான் நம்பினார்கள். அந்தக் காரணங்களைப் படத்தை எடுத்தவர்கள் மிகத் துல்லியமாக அறிந்திருந்தார்கள். படம் உருவான விதத்தைக் கூர்ந்து பார்த்தால் இரண்டுமே விளங்கும்.

படத்தை எழுதி இயக்கியவர்கள் பீட்டர் ஜாக்சனும் காஸ்டா போட்டஸும். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையால் பின்னாளில் உலகம் அறிந்த ஜாக்சன் அப்போது முப்பத்து நான்காம் வயதை எட்டிக்கொண்டிருந்த இளைஞர். குறைந்த செலவில் ரத்தக்களறியான திகில் படங்களை எடுத்துப் பெயர் பெற்றிருந்தவர், 1994-இல் வெளியான ‘ஹெவன்லி கிரீச்சர்ஸ்’ படத்துக்காக வெனிஸில் வெள்ளிச் சிங்கம் விருதையும் ஆஸ்கர் திரைக்கதைப் பரிந்துரையையும் பெற்ற பிறகு நாட்டின் பெருமைக்குரிய கலைஞராக மாறியிருந்தார். இந்தக் கதையின் மூலக் கரு திரைப்பட விமர்சகராகவும் இயங்கிய போட்டஸுடையது. இருவருக்கும் திரைப்பட வரலாற்றில் இருந்த ஆழ்ந்த பற்று படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. ஊமைப்படக் காலத்தை நேசிக்காத ஒருவரால் அதை இவ்வளவு நுணுக்கமாகப் போலி செய்திருக்க முடியாது.

படம் ஜாக்சனின் முகத்தோடு தொடங்குகிறது. வெலிங்டனுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் புக்கெருவா பே அவர் வளர்ந்த ஊர், அது உண்மை. அந்த ஊரில், தன் பெற்றோருக்குப் பழக்கமான ஹன்னா மெக்கென்சி என்ற மூதாட்டியின் வீட்டுத் தோட்டத்துப் பாதையில் அவர் பேசிக்கொண்டே நடக்கிறார். தோட்டத்தின் கோடியில் ஒரு கொட்டகை. அங்கிருந்த பழைய பெட்டிக்குள் படச்சுருள்கள் இருந்தன என்றும், ஏதோ வீட்டுப் படங்களாக இருக்கும் என்று எண்ணித் திறந்தவர் திகைத்துப்போனார் என்றும் சொல்கிறார். அவர் குரலில் நாடகத்தனம் சிறிதும் இல்லை. ஊரும் உண்மை, ஆளும் உண்மை, பெற்றோரின் நட்பைப் பற்றிய பேச்சும் இயல்பு. பொய் முதன்முதலில் நுழைவது அந்தப் பெட்டிக்குள்தான். ஹன்னாவாக நடித்தவர் பியாட்ரிஸ் ஆஷ்டன். மூதாட்டி தன் கணவரை நினைவுகூரும்போது ஏற்படும் தடுமாற்றங்களும் இடைவெளிகளும் ஓர் உண்மையான நேர்காணலில் இருப்பவை போலவே இருக்கின்றன.

அடுத்து சாட்சிகள் வருகிறார்கள். இந்தப் படத்தின் உயிர் அவர்களிடம்தான் இருக்கிறது என்பேன். ‘தி பியானோ’, ‘ஜுராசிக் பார்க்’ படங்களின் நடிகர் சாம் நீல் தன் பெயரிலேயே தோன்றி மெக்கென்சியின் இடத்தைப் பற்றிப் பேசுகிறார். அதே 1995-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் நூற்றாண்டு வரிசைக்காக நியூசிலாந்து சினிமாவின் வரலாறு குறித்து உண்மையான ஆவணப்படம் ஒன்றையும் அவர் இணைந்து இயக்கியிருந்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் வெளிவந்த திரைப்பட வழிகாட்டி நூலால் உலகெங்கும் அறியப்பட்ட அமெரிக்க விமர்சகர் லியோனார்ட் மால்ட்டின் வருகிறார். மிராமாக்ஸ் நிறுவனத்தின் தலைவராக அன்று பெரும் செல்வாக்கோடு இருந்த ஹார்வி வைன்ஸ்டைன் வருகிறார்; நியூசிலாந்து தொடர்புள்ள முக்கியப் படங்களை அமெரிக்காவில் வெளியிட்ட நிறுவனம் அது என்பதால் அவருடைய வருகையும் பொருத்தமாகவே இருந்தது. உள்ளூர்த் திரைத்துறையின் மூத்த தயாரிப்பாளர் ஜான் ஓஷீ வருகிறார். இவர்கள் அனைவரும் தங்கள் சொந்தப் பெயரிலும் சொந்தப் பொறுப்பிலும் நின்று ஒரு கற்பனை மனிதனுக்குச் சான்று சொன்னார்கள். இவர்களுக்கு இடையிடையே நடிகர்கள் நிபுணர்களாகச் செருகப்பட்டார்கள். அலெக்சாண்ட்ரா நெவ்ஸ்கி என்ற ரஷ்ய ஆய்வாளர் அவர்களில் ஒருவர். 1938-இல் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்த ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’யை அறிந்தவருக்கு அந்தப் பெயரே குட்டை உடைத்திருக்கும். ஆனால் ஞாயிறு இரவு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது உறைத்திருக்கும்?

பழைய காட்சிகளை உருவாக்கிய வேலை தனியே சொல்லத் தக்கது. மெக்கென்சியின் படங்கள் 1900 தொடங்கி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பரவியிருக்க வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே மாதிரி கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கீறிவிட்டால் போதாது. தொடக்க காலக் காட்சிகளில் கேமரா கையால் சுழற்றப்பட்டதால் வரும் சீரற்ற வேகம் தேவை. பிந்திய காட்சிகளில் அந்தந்தக் காலத்தின் ஒளியமைப்பும் நடிப்பு முறையும் தேவை. ஊமைப்பட நகைச்சுவைக்கு ஒரு நடை, பைபிள் பெருங்காவியத்துக்கு வேறொரு நடை. ஒவ்வொன்றையும் அந்தக் காலத்தவர் எடுத்திருப்பதைப் போலவே எடுத்து, பிறகு கீறல்களும் கறைகளும் மங்கலும் ஏற்றி, சில இடங்களில் படம் கரைந்து அழிந்துவிட்டதைப் போலவும் காட்டினார்கள். மெக்கென்சியாக நடித்த தாமஸ் ராபின்ஸ் அன்று பரவலாக அறியப்படாத முகம் என்பதும் உதவியது. இவர் பின்னர் ஜாக்சனின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ படத்தின் தொடக்கத்தில், ஆற்றுக்குள் மோதிரத்தைக் கண்டெடுக்கும் டியகோலாக வந்தார்.

இனிக் கதையின் அடுக்கு. மிதிவண்டிக் கேமரா நம்பக்கூடியது. அன்றைய கேமராவுக்கு வேண்டியது சீராகச் சுழலும் ஒரு விசை மட்டுமே. நீராவியால் ஓடும் திரையீட்டுக் கருவியும் கொஞ்சம் நீட்டினால் நம்பக்கூடியதுதான். வெளிநாட்டிலிருந்து படச்சுருள் வாங்கப் பணம் இல்லாததால் செடியின் நாரையும் முட்டை வெள்ளையையும் கொண்டு சொந்தமாகவே சுருள் தயாரித்தார் என்பதும், அதற்காக ஆயிரக்கணக்கில் முட்டை திருடிப் பிடிபட்டார் என்பதும் அதற்கு அடுத்த படி. முட்டை வெள்ளை தடவிய தாளில் ஒளிப்படம் அச்சிடுவது 19-ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே வழக்கில் இருந்த முறை என்பதால் இதுவும் முற்றிலும் அபத்தமாகத் தோன்றாது. 1908-இல் ஒலியோடு கூடிய முழுநீளப் படம் எடுத்தார். ஆனால் நடிகர்கள் சீனர்கள், அவர்கள் பேசியது சீன மொழி, மொழிபெயர்ப்பு எழுத்துகள் இல்லை, பார்வையாளர்கள் எழுந்து போய்விட்டார்கள். தாஹிட்டித் தீவில் கிடைத்த கனிச்சாற்றைக் கொண்டு வண்ணச் சுருள் கண்டுபிடித்தார். சோதனைக் காட்சிகளில் அத்தீவுப் பெண்களின் திறந்த மார்பு பதிவாகிவிட்டதால் ஆபாச வழக்கில் சிக்கினார். தெருவில் போவோர் முகத்தில் கிரீம் தடவிய ‘பை’ என்ற பலகாரத்தை அப்பும் நகைச்சுவைப் படம் எடுக்கப்போய், ஒரு முறை அது பிரதமர் கோர்டன் கோட்ஸின் முகத்தில் விழுந்து, காவலர்கள் நடிகரை அடித்து நொறுக்கியது படமாகிவிட்டது. ‘சலோமே’ என்ற பெருங்காவியத்துக்காகக் காட்டுக்குள் ஒரு நகரத்தையே கட்டினார். பணம் கொடுத்தவர்களில் சோவியத் அரசும் மாஃபியா சகோதரர்களும் உண்டு.

வரிசையாக எழுதிப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. படத்தில் அப்படி வருவதில்லை. ஒவ்வொரு கூற்றும் முந்தையதைவிடச் சிறிதளவே துணிந்தது. முந்தையதை ஏற்றுக்கொண்டவருக்கு அடுத்ததை மறுக்கத் தனிக் காரணம் வேண்டும். நிதானமான பின்னணிக் குரல், தேதிகள், செய்தித்தாள் நறுக்குகள், நிபுணரின் முகம், மீண்டும் பழைய காட்சி என்று உண்மையான ஆவணப்படங்கள் பல பத்தாண்டுகளாகப் பழக்கிவைத்திருக்கும் அதே வரிசையில் இவையும் வருகின்றன. மெக்கென்சியின் சாதனைகள் எல்லாமே தோல்வியில் முடிவதும் ஒரு முக்கியமான நுட்பம். அவர் வென்றிருந்தால் உலகம் அறிந்திருக்குமே என்ற கேள்வி எழும். தோற்றார், மறக்கப்பட்டார் என்பதால் அந்தக் கேள்விக்கு விடை கதைக்குள்ளேயே இருக்கிறது.

படத்தின் மிகத் தேர்ந்த காட்சி எது என்று கேட்டால் விமானக் காட்சியைத்தான் சொல்வேன். 1903-இல் மெக்கென்சி படம்பிடித்ததாகச் சொல்லப்படும் சுருளில், மூங்கிலும் துணியும் கொண்டு கட்டிய ஒரு பறக்கும் எந்திரம் தரையை விட்டு எழுகிறது. இது எப்போது எடுக்கப்பட்டது என்ற கேள்வியைப் படமே எழுப்புகிறது. வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவருடைய பையில் செய்தித்தாள் ஒன்று மடித்துச் செருகப்பட்டிருக்கிறது. அந்தச் சிறு பகுதியைக் கணினியில் பெரிதாக்குகிறார்கள். புள்ளிகளாகச் சிதறிய படம் படிப்படியாகத் தெளிகிறது. தேதி தெரிகிறது: 1903 மார்ச் 31. ரைட் சகோதரர்கள் பறந்தது அதே ஆண்டு டிசம்பர் 17. சந்தேகம், சோதனை, விடை என்று ஓர் ஆய்வின் முழு ஒழுங்கும் இதில் இருக்கிறது. பார்வையாளர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியைப் படமே முந்திக்கொண்டு கேட்டு, அவர் கண்முன்னாலேயே விடையும் தந்துவிடுகிறது.

இந்தக் காட்சி நியூசிலாந்துக்காரர்களை உலுக்கியதற்குக் காரணம் அந்த விமானி கற்பனை மனிதர் அல்லர் என்பது. ரிச்சர்ட் பியர்ஸ் 1877-இல் பிறந்து 1953-இல் இறந்தவர். தெற்குத் தீவின் வைடோஹி பகுதியில் தனியாக வாழ்ந்த விவசாயி. பள்ளிப் படிப்புக்கு மேல் பயிற்சி ஏதும் இல்லாமல், தானே வடித்த எஞ்சினோடு ஒரு விமானத்தைக் கட்டிப் பறக்க முயன்றவர். 1906-இல் தன் வடிவமைப்புக்குக் காப்புரிமையும் பெற்றார். அவர் ரைட் சகோதரர்களுக்கு முன்பே பறந்தார் என்பது அந்நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் கதை. அண்டை வீட்டார் பல பத்தாண்டுகள் கழித்துச் சொன்ன நினைவுகளே அதற்கு ஆதாரம். மார்ச் 31 என்ற தேதியும் அந்த நினைவுகளிலிருந்து வருவதே. பறந்ததைக் காட்டும் ஒளிப்படமோ அன்றைய செய்தியோ கிடையாது. பியர்ஸ் 1915-இலும் 1928-இலும் செய்தித்தாள்களுக்கு எழுதிய கடிதங்களில், தான் முயற்சியைத் தொடங்கியது 1904 வாக்கில் என்றும், ரைட் சகோதரர்களுக்கே அந்தப் பெருமை உரியது என்றும் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையான மனிதர் தாமே வேண்டாம் என்று மறுத்த புகழை அவருக்குத் தர ஒரு நாடு ஏங்கிக்கொண்டிருந்தது. இல்லாதது ஓர் ஆதாரம் மட்டுமே. மெக்கென்சியின் சுருள் அந்த இடத்தில் வந்து பொருந்திக்கொண்டது. நம்பியவர்கள் ஒரு புதுப் பொய்யை நம்பவில்லை, சிறுவயது முதல் கேட்ட கதைக்குச் சான்று கிடைத்தது என்று மகிழ்ந்தார்கள். இந்த மகிழ்ச்சியை வெகுளித்தனம் என்று ஒதுக்குவது அநியாயம்.

தோட்டத்துக் கொட்டகையில் பழைய சுருள்கள் கிடைத்தன என்பதும் அப்படி நம்பத்தகாத செய்தி இல்லை. 1950-களின் தொடக்கம் வரை திரையுலகம் பெரிதும் நம்பியிருந்த நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கக் கூடியது; காலப்போக்கில் தானாகவே பிசுபிசுத்து, இறுகி, தூளாகி விடுவது. உலகெங்கும் ஊமைப்படங்களில் பெரும்பகுதி அழிந்துபோனதற்கு இதுவும், அவற்றைப் பேணுவதில் யாருக்கும் ஆர்வம் இல்லாததுமே காரணம். நியூசிலாந்தின் நிலையில் ஒரு தனித்தன்மையும் உண்டு. ஹாலிவுட் படங்கள் கப்பலேறிச் சுற்றும் நீண்ட வழியின் கடைசி முனை அது. ஓடித் தேய்ந்த படங்களைத் திருப்பியனுப்பும் செலவை நிறுவனங்கள் ஏற்க விரும்பாததால், அங்கேயே அழித்துவிடச் சொன்னார்கள். சிலர் அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள். 1981-இல் தொடங்கப்பட்ட நியூசிலாந்து திரைப்படக் காப்பகம் 1990-களில் நாடு முழுவதும் வீடுகளிலும் கிடங்குகளிலும் கிடக்கும் பழைய சுருள்களைத் தேடும் பெருமுயற்சியில் உண்மையாகவே ஈடுபட்டிருந்தது.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். அந்தக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த சுருள்களிலிருந்து, அமெரிக்காவிலேயே இல்லாத 75 அமெரிக்க ஊமைப்படங்கள் அடையாளம் காணப்பட்டதாக 2010-இல் அறிவிப்பு வந்தது. ஜான் ஃபோர்டு 1927-இல் இயக்கிய ‘அப்ஸ்ட்ரீம்’ அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டு, இளம் ஹிட்ச்காக் உதவி இயக்குநராகப் பணியாற்றிய ‘தி ஒயிட் ஷேடோ’ படத்தின் முதல் பாதி அங்கே கிடைத்தது. இந்தத் தொகுதியில் கணிசமானவை ஹேஸ்டிங்ஸ் நகரத்துத் திரையரங்கு ஊழியர் ஒருவர் தன் வாழ்நாளில் சேர்த்துவைத்தவை. ஜாக்சன் கண்டெடுத்ததாகச் சொன்னதைப் போன்ற புதையல் அந்த நாட்டில் உண்மையிலேயே இருந்தது; 1995-இல் அதை நம்பியவரின் பொது அறிவில் குறையொன்றும் இல்லை.

அந்த ஆண்டின் மனநிலையும் இதற்கு ஏற்றதாகவே இருந்தது. 1895 டிசம்பரில் பாரிஸில் லூமியே சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டியதிலிருந்து நூறாண்டு நிறைவை உலகம் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். 1993-இல் நியூசிலாந்தில் படமான ‘தி பியானோ’ கான் விழாவின் உயரிய விருதைப் பகிர்ந்துகொண்டது. அதில் நடித்த சிறுமி அடுத்த ஆண்டு ஆஸ்கர் வென்றார். 1995 மே மாதம் பாய்மரப் படகுப் போட்டியான அமெரிக்கக் கோப்பையை நியூசிலாந்து முதன்முறையாக வென்றபோது தெருக்களெல்லாம் திருவிழாவாயின. அன்று மக்கள்தொகை 40 லட்சத்தைக்கூட எட்டியிராத, உலக வரைபடங்களில் சில வேளை விட்டுப்போகிற ஒரு நாட்டுக்கு, தன் மக்கள் யாருடைய துணையும் இன்றிப் பெரியவற்றைச் சாதிப்பவர்கள் என்ற எண்ணம் உயிர்மூச்சு. பண்ணை வேலிகளுக்குப் பயன்படும் எட்டாம் எண் கம்பி ஒன்று கையிலிருந்தால் எதையும் செய்துவிடுவான் நியூசிலாந்துக்காரன் என்பது அங்கே அனைவரும் சொல்லும் வழக்கு. மெக்கென்சி அந்த எண்ணத்தின் முழு உருவம்.

ஒளிபரப்பு முடிந்த பின்னர் வந்த எதிர்வினைகளை ஒரே கூடையில் போட முடியாது. ஏமாந்ததை ரசித்து, இவ்வளவு நேர்த்தியான வேலையைச் செய்த இருவரையும் வாழ்த்தியவர்கள் பலர். சினிமா தெரிந்தவர்கள் பாதியிலேயே கண்டுகொண்டு மீதியை ரசித்தார்கள். ஆனால் கோபம் உண்மையானது, கடுமையானது. ஜாக்சனையும் கூட்டாளிகளையும் சுட வேண்டும் என்ற அளவுக்கு ஒரு கடிதம் போயிற்று. கோபப்பட்டவர்களின் குறையைக் கவனித்துப் படித்தால், தான் முட்டாளாக்கப்பட்டேன் என்பது அதில் ஒரு பகுதிதான் என்று தெரியும். ஓரிரவு முழுக்கப் பெருமிதத்தோடு நினைத்த ஒரு மனிதன் காலையில் இல்லாமல் போனதன் வருத்தம் அதன் மறுபகுதி. வைகாட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ராஸ்கோவும் கிரெய்க் ஹைட்டும் இந்த எதிர்வினைகளை ஆராய்ந்தார்கள்; போலி ஆவணப்படம் என்ற வகையைப் பற்றிய கல்விப்புல ஆய்வில் அது இன்றும் அடிப்படையான பணியாக மதிக்கப்படுகிறது. போட்டஸும் 2000-ஆம் ஆண்டில் இந்தப் படம் உருவான விதத்தையும் அது எழுப்பிய புயலையும் ஓர் உண்மையான ஆவணப்படமாக எடுத்தார்.

படைப்பாளிகள் தரப்பில் சொல்லப்பட்ட விளக்கங்கள் இரண்டு. இவ்வளவு கேலிக்கூத்தான சம்பவங்களை அடுக்கிய பிறகும் இத்தனை பேர் நம்புவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்பது ஒன்று. தொலைக்காட்சி காட்டுவதையெல்லாம் அப்படியே ஏற்கக்கூடாது என்பதை மக்கள் உணரட்டும் என்பது மற்றொன்று. முதலாவதை என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. நம்பவைப்பதற்காக அவ்வளவு உழைத்தவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது முழு வியப்பாக இருந்திருக்க முடியாது. படம் ‘மொண்டானா சண்டே தியேட்டர்’ என்ற, நாடகங்களுக்கு உரிய நேரத்தில்தான் ஒளிபரப்பானது, ஆகவே யாரையும் ஏமாற்றவில்லை என்ற வாதமும் உண்டு. நிகழ்ச்சி அட்டவணையின் தலைப்பைவிட, திரையில் தோன்றும் தெரிந்த முகமே பார்ப்பவரின் மனத்தில் எடை கொண்டது.

இந்த விவகாரத்தில் குறை சொல்ல வேண்டிய இடம் என்று எனக்குப் படுவது படத்துக்கு வெளியே இருக்கிறது. நாட்டின் மதிப்புமிக்க வார இதழான ‘லிசனர்’, ஒளிபரப்புக்கு முன்னரே மெக்கென்சியின் கண்டுபிடிப்பை உண்மைச் செய்தி போலக் கட்டுரையாக வெளியிட்டது. படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒருவர் செய்யக்கூடிய மிக இயல்பான செயல், வேறொரு நம்பகமான இடத்தில் சரிபார்ப்பது. அந்த வாசலிலும் பொய்யே காவல் நின்றது. படைப்பாளிக்குக் கற்பனையைக் கையாளும் உரிமை உண்டு. படம் தன்னளவில் எத்தனையோ துப்புகளை விட்டுவைத்து அந்த உரிமைக்கு நியாயமும் செய்தது. செய்தி இதழுக்கு அந்த உரிமை இல்லை. ‘நான் சரிபார்த்தேனே’ என்று சொல்லும் வாசகருக்கு அந்த இதழ் தரக்கூடிய பதில் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. திரைப்பட ஆணையம், காப்பகம் போன்ற பொது அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் திரையில் தோன்றியதையும் இதே கண்ணோடு பார்க்கலாம் என்றாலும், அவர்கள் ஒரு படைப்புக்குள் நடித்தார்கள் என்ற வேறுபாட்டை மறுக்க இயலாது.

கடன் வாங்கிய நம்பகத்தன்மையே இவ்வகை ஏமாற்றுகளின் மூலதனம் என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி, சுவிட்சர்லாந்தில் மரங்களிலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்வதாகச் சில நிமிடச் செய்தித் தொகுப்பைக் காட்டியபோது, அதை நம்பவைத்தது மரத்தில் தொங்கிய இழைகள் மட்டுமல்ல. அரச விழாக்களை வர்ணித்த ரிச்சர்ட் டிம்பிள்பியின் குரல். 1992 அக்டோபர் 31 அன்று அதே பிபிசி நேரலை போல ஒளிபரப்பிய ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற பேய் நாடகத்தில் மைக்கேல் பார்க்கின்சன் என்ற மதிப்புமிக்க நெறியாளர் தன் பெயரிலேயே தோன்றினார். ஆயிரக்கணக்கான தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. பிபிசி அதை மீண்டும் ஒளிபரப்பவே இல்லை. 2012-இல் ‘அனிமல் பிளானட்’ அலைவரிசை கடற்கன்னிகளைப் பற்றிப் போலி ஆவணப்படம் ஒன்றை வெளியிட்டபோது, அப்படிப்பட்ட உயிரினங்களுக்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை என்று அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமே விளக்கம் தர வேண்டியிருந்தது. மெக்கென்சியின் கதையை இந்தக் கடைசி வகையோடு சேர்க்கலாகாது. அறிவியல் அலைவரிசை என்ற பெயரை விற்று, ஐயத்தை நீடிக்கவிட்டுப் பார்வையாளர் எண்ணிக்கையைப் பெருக்குவதே அங்கே நோக்கம். ஜாக்சனும் போட்டஸும் உண்மையை நீண்ட நாள் மறைக்க முயலவில்லை. அவர்கள் படம், உண்மையை அறிந்த பிறகும் மீண்டும் மீண்டும் பார்க்கத் தக்கது.

அறிந்த பிறகு பார்ப்பவர்களிடம் அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வெளிநாட்டு வரவேற்பே சாட்சி. 1996-இல் வெனிஸ் விழாவுக்குச் சென்றபோது விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றது. தொடர்ந்து பல நாடுகளில் நகைச்சுவைப் படைப்பாகவும், ஆவணப்பட இலக்கணத்தின் மீதான கூர்மையான பகடியாகவும் கொண்டாடப்பட்டது. ரிச்சர்ட் பியர்ஸின் பெயரை அறியாத, எட்டாம் எண் கம்பியைக் கேள்விப்படாத ஒருவருக்கு இழப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. சிரிக்க மட்டுமே உண்டு. அதே சட்டகங்கள் சொந்த நாட்டில் பெருமிதத்தையும் துக்கத்தையும் எழுப்பின.

ஜாக்சன் பிறகும் பழைய சுருள்களிடம் திரும்பினார். முதல் உலகப் போரின் நூற்றாண்டு நிறைவை ஒட்டி 2018-இல் அவர் எடுத்த ‘தே ஷால் நாட் க்ரோ ஓல்டு’ என்ற ஆவணப்படம், லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் சுமார் 100 மணி நேரக் காட்சிகளிலிருந்து உருவானது. கையால் சுழற்றியதால் தாறுமாறாக ஓடிய காட்சிகளின் வேகத்தைச் சீராக்கி, கீறல்களை நீக்கி, வண்ணம் ஏற்றி, வீரர்களின் உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு அவர்கள் பேசியதைக் கண்டறிந்து குரல் சேர்த்தார்கள். மெக்கென்சிக்காகப் புதிய காட்சியைப் பழையதாக்கக் கற்ற அறிவு, இங்கே பழையதைப் புதியதாக்கப் பயன்பட்டது. பார்ப்பவரின் கண் இரண்டையும் ஒரே அளவு எளிதாக நம்பும். 2018-இன் படத்தில் ஏற்றிய நிறத்தையும் சேர்த்த குரலையும் குறித்து வரலாற்றாசிரியர்கள் வாதாட முடியும். ஏனெனில் தொடப்படாத மூலச் சுருள்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவருக்கு ஒப்பிட இடம் உண்டு. 1995-இல் அந்த ஞாயிறு இரவு பார்த்தவர்களுக்கு ஒப்பிட எந்த மூலமும் இல்லை. சாம் நீலின் முகமும் ‘லிசனர்’ இதழின் பக்கமும்தான் இருந்தன.